அம்மாவும் உங்கள் மாணவிதான்: பல்கலைக்கழக நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும், பதிவாளர் அவர்களுக்கும், முன்னாள் மாணவர் அலுவலகத்தில் பணிபுரிகிற எல்லோருக்கும்,

வணக்கம்.

உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரை இந்த மடலில் எங்கும் எழுதவில்லை. எழுதக்கூடாது என்று சொன்னவர் என் அம்மா. "படிக்க வைத்த இடத்தை நாலு பேர் முன்னால் இழுத்து நிறுத்துவாயா?" என்று கேட்டார். அதனால் பெயர் இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. இந்தத் தவறை நீங்கள் மட்டும் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. இதைப் படிக்கிற எந்தப் பல்கலைக்கழகமும் தனக்கு வந்த கடிதமாகவே எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

என் அப்பாவும் அம்மாவும் உங்களிடம் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவர்கள். ஒரே வகுப்பு. படிப்பு முடிந்த இரண்டாவது வருடம் திருமணம். அதற்குப் பிறகு 47 வருடம் ஒன்றாக இருந்தார்கள். அப்பா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

அவர் போய் இரண்டு மாதம் கழித்து அவர் பெயருக்கு உங்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. புதிய ஆய்வகக் கட்டடத்துக்கு நன்கொடை கேட்டிருந்தீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. இறந்த செய்தியை நாங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். அன்றே தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். எதிர்முனையில் பேசிய இளம்பெண் உண்மையிலேயே தன்மையாகப் பேசினார். "ரொம்ப வருத்தமாக இருக்கிறது மேடம், ரெக்கார்டில் சரிசெய்துவிடுகிறோம்" என்றார்.

சரிசெய்தும் விட்டார். அன்றோடு எங்கள் வீட்டுக்கு உங்களிடமிருந்து எதுவுமே வருவது நின்றுபோனது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் செய்திமடல் வரவில்லை. பட்டமளிப்பு விழா அழைப்பு வரவில்லை. கடைசியில், அவர்கள் வகுப்பின் பொன்விழாச் சந்திப்புக்கும் அழைப்பு வரவில்லை.

அந்தச் சந்திப்பு நடந்ததே அம்மாவுக்கு அன்று சாயங்காலம்தான் தெரியும். வகுப்புத் தோழர் ஒருவர் கூப்பிட்டு, "ஏன் வரவில்லை, உடம்புக்கு ஏதும் முடியவில்லையா?" என்று விசாரித்தார். அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஆமாம், மூட்டுவலி" என்றார். அழைப்பு வரவில்லை என்று சொல்லவில்லை. உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை, பாருங்கள்.

அந்தத் தோழர் அன்றைய குழுப் படத்தை அனுப்பி வைத்தார். அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு நரைத்த தலையையும் வழுக்கைத் தலையையும் பெயர் சொல்லி எனக்கு அறிமுகப்படுத்தினார். யாருக்கு எந்தத் தாளில் அரியர் இருந்தது என்பதுவரை ஞாபகம் இருந்தது. "இவன் உயரத்துக்குப் பின்வரிசையில் நிற்க வேண்டியவன். அன்றைக்கும் முன்னால்தான் வந்து நின்றான், இன்றைக்கும் திருந்தவில்லை" என்றார். அப்புறம் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, காய்ந்த துணிகளை எடுத்து மடிக்கப் போய்விட்டார். ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துணிகள் அவை.

மறுநாள் உங்கள் அலுவலகத்தை மறுபடி அழைத்தேன். இந்த முறை பேசியவர் பொறுமையாகக் கணினியில் தேடி விளக்கினார். அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். ஒரே முகவரிக்கு இரண்டு கடிதம் போகாமல் இருக்க, கணவன் மனைவியை ஒரே குடும்பமாகச் சேர்த்துவிடுகிறது உங்கள் மென்பொருள். அதில் ஒருவர் முதன்மை உறுப்பினர், மற்றவர் துணை. கடிதம் முதன்மை உறுப்பினர் பெயரில் அச்சாகும். அவர் காலமானார் என்று குறித்த உடனே அந்தப் பதிவுக்கு அஞ்சல் நின்றுவிடும். துணையாக இருப்பவருக்கென்று யாராவது தனியாக ஒரு பதிவைத் திறந்தால் ஒழிய, அவரும் சேர்ந்தே மறைந்துபோவார்.

"அவரும் அதே வகுப்பில் படித்தவர்தானே, அவருக்குத் தனிப் பதிவு இருக்குமே?" என்று கேட்டேன். இருந்தது. கல்யாணத்துக்கு முந்தைய பெயரில், 50 வருடத்துக்கு முந்தைய விடுதி முகவரியோடு இருந்தது. அதன் மேல் ‘தொடர்பு விட்டுப்போனவர்’ என்று ஒரு குறிப்பு.

நான் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. என் அம்மாவை நீங்கள் தேடிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். அவர் வீட்டுக்கே மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் அனுப்பிக்கொண்டு, அவர் எங்கே போனார் என்று தெரியவில்லை என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். யாரோ ஒரு நாள் ஒரு கட்டத்தில் டிக் அடித்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த டிக் ஏன் அப்பாவின் பெயருக்கு எதிரே விழுந்தது, ஏன் அம்மாவின் பெயருக்கு எதிரே விழவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு அவர்கள் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அப்பா சொல்லும் கதை ஒன்று உண்டு. எங்கள் வீட்டுக்கு வருகிற எவரும் அதைக் கேட்காமல் வெளியே போனதில்லை. முதல் வருடச் செய்முறை வகுப்பு. திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் நீளக் கண்ணாடிக் குழாய், பியூரெட். அம்மா கைதவறி அதைக் கீழே போட்டு உடைத்துவிட்டார். உடைந்த பொருளை ஆய்வகத்தின் பிரேக்கேஜ் நோட்டில் எழுத வேண்டும்; படிப்பு முடியும்போது காஷன் டெபாசிட்டில் பிடித்துக்கொள்வார்கள். அம்மா கண்ணாடிச் சில்லுகளைப் பெருக்கிவிட்டு வருவதற்குள், பக்கத்து மேஜைக்காரர் தன் பதிவு எண்ணை நோட்டில் எழுதி முடித்துவிட்டார். "அந்த நோட்டில் போட்ட கையெழுத்துதான் முதல் கையெழுத்து. கல்யாணப் பதிவேட்டில் போட்டது இரண்டாவது" என்பார் அப்பா. அம்மா அதற்கு ஒருநாளும் உருகியதில்லை. "என் கணக்கை என் பெயரில் எழுத விடாதவர், அன்றைக்கே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்" என்பார்.

அம்மா தன் பங்குக்கு வீட்டுக்குக் கொண்டு வந்தது ஒரு சொல். தரம்பார்த்தல், அதாவது டைட்ரேஷன், செய்தவர்களுக்குத் தெரியும். அமிலம் இருக்கும் குடுவையில், காரம் கூடினால் நிறம் மாறிக் காட்டும் ஃபீனால்ஃப்தலீன் விட்டு, பியூரெட்டிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்குவார்கள். முடிவு நிலையில் குடுவைக்குள் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு வெளிர் இளஞ்சிவப்பு வரும். சுழற்றிய பிறகும் அரை நிமிடம் அது நிற்க வேண்டும். அங்கே நிறுத்தத் தெரிய வேண்டும். இன்னொரு சொட்டு விழுந்தால் அடர்ந்த சிவப்பு, அளவெடுத்தது வீண், முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்பா சாதாரணமாக ஆரம்பிக்கிற பேச்சு கொஞ்சம் சூடாகும்போது, அம்மா தலையைத் தூக்காமலே, "ஒரு சொட்டு கூடிவிட்டது" என்பார். அப்பா நிறுத்திவிடுவார். சில சமயம் நிறுத்த மாட்டார். அன்று வீட்டில் எல்லாம் முதலிலிருந்துதான். 47 வருடமும் பூவும் மணமுமாக இருந்தார்கள் என்று எழுதினால் அம்மாவே சிரித்துவிடுவார். நன்றாகச் சண்டை போட்டார்கள். ஆனால் ஒருவர் இல்லாமல் மற்றவர் ஒரு செய்தித்தாளைக்கூடப் படித்து முடித்ததில்லை. பாதியில் எழுந்து வந்து படித்துக் காட்டுவார்கள்.

வகுப்பில் 22 பேர், அதில் பெண்கள் 4 பேர். இறுதித் தேர்வில் அம்மா இரண்டாவது இடம், அப்பா ஐந்தாவது. இருவரும் விரிவுரையாளர் வேலைக்கு உங்களிடமே விண்ணப்பித்தார்கள். அதற்குள் கல்யாணம் ஆகியிருந்தது. ஒரே துறையில் கணவன் மனைவி இருவரையும் வைத்துக்கொள்வதில்லை என்றார்கள். ஐந்தாவது இடத்துக்கு வேலை கிடைத்தது. இரண்டாவது இடம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய் 31 வருடம் வேதியியல் கற்பித்தது.

அப்பா இதைக் கடைசிவரை ஒரு கடனாகவே வைத்திருந்தார். தன் ஆய்வுக் கட்டுரை எதையும் அம்மா திருத்தாமல் அனுப்பியதில்லை. நன்றி சொல்லும் பத்தியில் அம்மா பெயரைப் போட்டார். ஆசிரியர் வரிசையில் போட அம்மா சம்மதிக்கவில்லையா, துறை சம்மதிக்கவில்லையா என்பதை இருவருமே எனக்குத் தெளிவாகச் சொன்னதில்லை. அம்மா அந்த வேலையைப் பற்றிப் பேசவே மாட்டார். பேசாததோடு, தன் பள்ளிப் பிள்ளைகளில் நன்றாகப் படிப்பவர்களைக் கையைப் பிடித்து உங்களிடம்தான் அனுப்பினார். "அங்கே போ, அங்கே டைட்ரேஷன் ஒழுங்காகச் சொல்லித்தருவார்கள்."

நான் கல்லூரியில் படிக்கும்போது இதற்காக உங்கள் மேல் கோபப்பட்டேன். பிறகு வாசிக்க வாசிக்க, இது உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை என்று தெரிந்தது. பல்கலைக்கழகம் என்ற அமைப்புக்கே திருமணத்தைக் கண்டால் என்ன செய்வதென்று தெரிந்ததில்லை. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதிவரை கல்லூரி ஃபெலோ (கல்லூரியின் ஆசிரியக் குழு உறுப்பினர்) ஒருவர் கல்யாணம் செய்துகொண்டால் பெரும்பாலும் பதவியை விட வேண்டும். 1880களில்தான் அந்த விதி பொதுவாகத் தளர்ந்தது. பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்க ஆக்ஸ்ஃபோர்டுக்கு 1920 ஆனது; கேம்பிரிட்ஜுக்கு 1948. மனைவியும் வேண்டாம், மாணவியும் வேண்டாம் என்று இருந்த இடத்தில், மாணவியாகவும் மனைவியாகவும் ஒருத்தி வந்து நின்றால் எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?

உயிர்வேதியியல் தம்பதி கார்ல் கோரி, கெர்ட்டி கோரி கதை அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். பத்தாம் வகுப்பில் கிளைகோஜன் (உடல் சேமித்து வைக்கும் சர்க்கரை) வரும்போதெல்லாம் அவர்களை இழுத்து வந்துவிடுவார். இருவரும் பிராகில் 1896இல் பிறந்தவர்கள், அங்கேயே ஒரே மருத்துவப் பள்ளியில் படித்தவர்கள், 1920இல் பட்டம் வாங்கி அதே வருடம் மணந்துகொண்டவர்கள். 1922இல் அமெரிக்கா போனார்கள். சேர்ந்து ஆராய்ச்சி செய்தார்கள், சேர்ந்து கட்டுரை எழுதினார்கள். மனைவியோடு வேலை செய்வது உன் முன்னேற்றத்துக்கு நல்லதல்ல என்று கார்லுக்குப் பலர் புத்தி சொன்னார்கள். 1931இல் செயின்ட் லூயிஸில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகம் கார்லைத் துறைத் தலைவராக எடுத்துக்கொண்டது. கெர்ட்டிக்கு ஆராய்ச்சி உதவியாளர் இடம். சம்பளம் கணவருடையதில் பத்தில் ஒரு பங்கு. இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது 1947இல். கெர்ட்டி முழுப் பேராசிரியர் ஆனதும் அதே 1947இல்தான்.

இயற்பியலாளர் மரியா கோப்பெர்ட் மேயர் கதை இதைவிட மோசம். கணவர் ஜோசஃப் மேயர் வேலை பார்த்த பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் கூடவே போனார். சிகாகோவில் அவருக்குப் பேராசிரியர் என்ற பெயர் இருந்தது, பல்கலைக்கழகச் சம்பளம் இல்லை. அணுக்கருவுக்குள் துகள்கள் அடுக்கடுக்காக இருப்பதாகச் சொல்லும் ஓட்டு மாதிரியை (ஷெல் மாடல்) அவர் வகுத்தது அந்தக் காலத்தில்தான். முழுச் சம்பளப் பேராசிரியர் வேலை 1960இல், சான் டியேகோவில் கிடைத்தது. 1963இல் நோபல் வாங்கியபோது உள்ளூர்ப் பத்திரிகை அவரை ‘சான் டியேகோ அம்மா’ என்றுதான் தலைப்புப் போட்டது. அந்தத் தலைப்பை எழுதியவருக்கும் உங்கள் மென்பொருளை எழுதியவருக்கும் ஏதோ தூரத்துச் சொந்தம் இருக்க வேண்டும்.

அம்மாவை நோபல் வாங்கியவர்களோடு ஒப்பிடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மாவுக்கு அது பிடிக்காது. அப்படிப்பட்டவர்களையே துணை என்ற கட்டத்தில் எழுதியவர்கள், ஒரு பள்ளி ஆசிரியையை எங்கே எழுதுவார்கள் என்பதைச் சொல்லத்தான் இத்தனையும்.

துணையை இழந்த பிறகு ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதற்கு நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது மேரி கியூரியை. 1906 ஏப்ரல் 19 அன்று பியர் கியூரி பாரீஸ் தெருவில் குதிரை வண்டியில் அடிபட்டு இறந்தார். அரசாங்கம் கைம்பெண் ஓய்வூதியம் தர முன்வந்தது. மேரி வேண்டாம் என்றார். என்னால் வேலை செய்ய முடியும் என்றார். பியர் நடத்திவந்த பாடத்தைப் பாரீஸ் பல்கலைக்கழகமான சோர்போன் அவரிடம் ஒப்படைத்தது. நவம்பர் 5ஆம் தேதி மதியம் அந்த அரங்கில் உட்கார இடமில்லை. அங்கே பாடம் நடத்தும் முதல் பெண். கணவரைப் பற்றி ஏதாவது சொல்வார், கண் கலங்குவார் என்று பார்க்கத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள். மேரி வந்தார், பியர் எந்த இடத்தில் பாடத்தை விட்டிருந்தாரோ அந்த இடத்திலிருந்து தொடங்கினார். இரங்கல் உரை எதுவும் இல்லை. பாடம் முடிந்ததும் போய்விட்டார்.

சோர்போன் அவரைப் பியரின் மனைவி என்பதால் அழைத்திருக்கலாம். ஆனால் வகுப்புக்குள் வந்தவர் அங்கே 1893இல் இயற்பியலிலும் 1894இல் கணிதத்திலும் பட்டம் வாங்கிய பழைய மாணவி. இரண்டும் ஒரே ஆள்தான். உங்கள் பதிவேட்டில் மட்டும் இரண்டு ஆளாக இருக்கிறார்கள்; ஒருவர் இறந்தவரின் மனைவி, இன்னொருவர் காணாமல் போன மாணவி.

இன்னொரு கைம்பெண்ணையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் நன்கொடை கேட்கிறவர்கள் என்பதால். லீலண்ட் ஸ்டான்ஃபோர்டும் ஜேன் ஸ்டான்ஃபோர்டும் 15 வயதில் டைஃபாய்டுக்குப் பறிகொடுத்த ஒரே மகன் பெயரில் தொடங்கிய பல்கலைக்கழகம் 1891இல் திறந்தது. இரண்டே வருடத்தில், 1893இல், லீலண்ட் இறந்தார். சொத்து நீதிமன்றத்தில் மாட்டிக்கொண்டது. அமெரிக்க அரசே 1.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. மூடிவிடலாம் என்று யோசனை சொன்னவர்கள் இருந்தார்கள். ஜேன் வீட்டுச் செலவைக் குறைத்து, கையில் வந்த பணத்தைப் பேராசிரியர்கள் சம்பளத்துக்குத் திருப்பிவிட்டு, எப்படியோ ஓட்டினார். 1896இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகும், 1897இல், தன் நகைகளை லண்டனுக்கு எடுத்துப் போய் விற்கப் பார்த்தார். ஜேனை நான் பூசிக்கச் சொல்லவில்லை. அங்கே மாணவிகள் 500 பேருக்கு மேல் சேரக்கூடாது என்று 1899இல் வரம்பு கட்டியவரும் அவரேதான். ஒரு பெண் இதைச் செய்தார் என்பது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. இருந்தாலும், கணவர் இறந்த அன்றோடு அவரையும் பட்டியலிலிருந்து எடுத்திருந்தால் இன்று அந்த இடம் என்னவாகியிருக்கும்?

சரி, எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

அம்மாவின் அலமாரியில் ஒரு கட்டு இருக்கிறது. உங்கள் பட்டமளிப்பு விழா அழைப்புகள். இருவரும் வருடம் தவறாமல் வருவார்கள். எங்கள் வீட்டிலிருந்து யாரும் பட்டம் வாங்காத வருடங்களிலும். அப்பா ஓய்வு பெற்ற பிறகு பின்வரிசைதான் கிடைக்கும். அப்பா ஒவ்வொரு பெயருக்கும் கை தட்டுவார், முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம். உள்ளங்கை சிவந்துபோய்த்தான் வீடு திரும்புவார். அம்மா கை தட்ட மாட்டார், எண்ணுவார். வேதியியல் முதுகலை வாங்க எத்தனை பெண்கள் மேடை ஏறுகிறார்கள் என்று எண்ணி, அழைப்பின் பின்பக்கம் பென்சிலில் ஒரு எண் எழுதுவார். ஆரம்ப வருட அழைப்புகளில் 4, 3, 6 என்று இருக்கும். நடுவில் ஒரு வருடம் வெறும் 1. அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. கடைசியாக வந்த அழைப்பில் 19. அதற்குக் கீழே மட்டும் அப்பாவின் கையெழுத்தில், பேனாவில், ஒரு வரி: ‘நான் எண்ணியபோது 20’.

அதற்குப் பிறகு கட்டில் எதுவும் சேரவில்லை. இரண்டு விழாக்கள் போய்விட்டன.

அப்பாவுக்கு உங்கள் கட்டடமும் மரமும் வராந்தாவும் பிடிக்கும். நூலகப் படிக்கட்டில் எத்தனை படி என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். அம்மாவுக்கு அங்கே சொல்லிக்கொடுக்கப்பட்ட விதம் பிடிக்கும். சிவப்பு மையில் பேராசிரியர் கையெழுத்துப் போட்ட செய்முறைக் குறிப்பேட்டை இன்னும் வைத்திருக்கிறார். ஒரு பக்கத்தில் ‘இந்த அளவை நீ பார்த்தாயா, எதிர்பார்த்தாயா?’ என்று எழுதியிருக்கும். விடை சரியாகவே இருந்தும் அந்தப் பக்கத்துக்கு மதிப்பெண் இல்லை. அம்மா பொய்யான அளவைக் குறித்துவிட்டார், மாட்டிக்கொண்டார். அந்த ஒரு கேள்வியைத்தான் 31 வருடம் பள்ளியில் சொல்லிக்கொடுத்ததாக அம்மா சொல்வார். உங்கள் வளாகத்துக்குள் ஒரு நாளும் சம்பளம் வாங்காதவர், உங்கள் வகுப்பறையை வெளியே கொண்டுபோய் நடத்தியிருக்கிறார்.

இனி என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். பெரிதாக எதுவும் இல்லை. உங்களிடம் படித்த இருவர் மணந்துகொண்டால், ஒரே உறையில் கடிதம் அனுப்புங்கள், தபால் செலவு மிச்சம், நல்லதுதான்; ஆனால் பதிவை இரண்டாகவே வைத்திருங்கள். இரண்டு பதிவிலும் அவரவர் பெயர், அவரவர் பதிவு எண், படித்தபோது இருந்த பெயர், இப்போது இருக்கும் பெயர் எல்லாம் இருக்கட்டும். ஒருவர் இறந்துவிட்டார் என்று தகவல் வந்தால், மற்றவர் யார் என்று ஒருமுறை பாருங்கள். அவரும் உங்களிடம் படித்தவர் என்றால் அந்த அழைப்பிலேயே, "உங்களுக்குத் தொடர்ந்து அனுப்பலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்பவர்களும் இருப்பார்கள். துக்கத்தில் அந்த உறையைப் பார்க்கவே முடியாது என்பவர்களைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அதை அவர்தான் சொல்ல வேண்டும், கணினி சொல்லக்கூடாது. உங்கள் ‘தொடர்பு விட்டுப்போனவர்’ பட்டியலையும் ஒருநாள் உட்கார்ந்து, துணை என்று எழுதிய பெயர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் தேடும் மாணவிகளில் பாதிப் பேர் உங்கள் உறைகளைத் தினமும் பிரித்துக்கொண்டிருக்கலாம்.

அப்பா பெயரில் ஒரு பரிசு வைக்கலாம் என்று துறையிலிருந்து யாரோ பேசியதாகக் கேள்விப்பட்டேன். அன்புக்கு நன்றி. அம்மாவிடம் கேட்டேன். முதல் மாணவருக்குப் பதக்கம் கொடுப்பதில் அவருக்கு ஆர்வமில்லை; முதல் மாணவருக்குத்தான் ஏற்கெனவே எல்லாம் கிடைக்கிறதே என்கிறார். அவர் சொன்னது வேறு. நீங்கள் அப்பாவிடம் கேட்ட நன்கொடையை நாங்கள் தருகிறோம், புதுக் கட்டடத்துக்கு அல்ல. முதுகலை முதல் வருட ஆய்வகத்தில் பிள்ளைகள் கைதவறி உடைக்கும் கண்ணாடிச் சாமான்களுக்கு அந்தத் தொகையிலிருந்து கட்டிக்கொள்ளுங்கள். நோட்டில் எழுதட்டும், எழுதத்தான் வேண்டும். டெபாசிட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். உடைத்துவிடுவோமோ என்று பயந்து பிடிக்கிற கை நடுங்கும், நடுங்குகிற கையால் முடிவு நிலையைப் பிடிக்க முடியாது என்கிறார். பெயர் வைத்தே தீர வேண்டும் என்றால் இரண்டு பதிவு எண்களை மட்டும் போடுங்கள். அடுத்தடுத்த எண்கள், அம்மாவுடையது முதலில் வரும்.

இவ்வளவும் நடக்க நாளாகும் என்று தெரியும். உடனடியாக ஒன்றே ஒன்று செய்ய முடிந்தால் போதும். போன இரண்டு பட்டமளிப்பு விழாக்களில் வேதியியல் முதுகலைப் பட்டம் வாங்கிய பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணி, ஒரு வரி எழுதி அனுப்புங்கள். உறையின் மேல் அம்மாவின் பெயர் மட்டும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்கள் இருவரின் மகள்

பின்குறிப்பு: அனுப்புவதற்கு முன் இதை அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு படித்தார். "ஒரு சொட்டு கூடிவிட்டது" என்றார். எந்த இடத்தில் என்று கேட்டேன், சொல்லவில்லை. ஒரே ஒரு திருத்தம் மட்டும் போட்டார். அன்றைக்கு உடைந்தது பியூரெட் இல்லையாம், வெறும் பிப்பெட்டாம். பெரிய சாமானாக இருந்தால்தான் கதை நன்றாக இருக்கும் என்று அப்பா மாற்றிக்கொண்டாராம். பிரேக்கேஜ் நோட்டு இன்னும் இருந்தால் எடுத்துப் பாருங்கள் என்கிறார்.